சீட்டுக்கு அடியில்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுகிறேன். வீட்டில் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போன தடவை பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தீர்கள். கேட்டதற்கு "ஒண்ணுமில்லடா" என்றீர்கள். உங்கள் ஒண்ணுமில்லைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

என் லிஃப்ட் வேலை நன்றாகப் போகிறது. இப்போது என்னிடம் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். இருபத்திரண்டு கட்டடங்களில் மாதாமாதம் லிஃப்டைச் சோதித்து, உள்ளே ஒட்டியிருக்கும் அட்டையில் கையெழுத்துப் போடுவது நான்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், சிரிக்கக் கூடாது. நான் கார் வாங்கப் போகிறேன். கப்பலில் வந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். மஞ்சள் நிறம், இரண்டே சீட்டு. எஞ்சின் பின்னால் இருக்கிறது, பெட்டி வைக்கும் இடம் முன்னால். பதினான்கு வருஷப் பழசு. பழைய கார் கடைக்காரர் சாவியைத் திருகியதும் என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. புதிதாக வாங்க ஏழு ஜென்மம் போதாது. இது என் கைக்கு எட்டும் விலைதான். கொஞ்சம் சுலபமாகவே எட்டுகிறது, அதுதான் யோசனை. வீட்டுக்காரி, "ரெண்டு சீட்டுன்னா பாப்பாவ டிக்கியிலயா போடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உங்களிடம் மறைப்பானேன். நீங்கள் உள்ளே போன இந்த மூன்று வருஷமாக எனக்குத் தெருவில் பெயரே கிடையாது. 'கேஸ்காரன் தம்பி', அவ்வளவுதான். லிஃப்டில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இவன் அண்ணன் பண்ண வேலை தெரியும்ல" என்று இரண்டு பேர் பேசியதை மேலே மெஷின் ரூமில் நின்று கேட்டேன். உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. ஒரு தடவையாவது 'அந்த மஞ்சள் கார்காரர்' என்று யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

வண்டி உடம்பைப் பற்றி உங்களைவிடத் தெரிந்தவர் யார்? வாங்கும் முன் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

அன்புடன்
தம்பி


ஜனவரி 30

என் அருமைத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. முழங்கால் உடம்போடுதான் இருக்கிறது, கழன்று விழவில்லை. நீயும் வீட்டில் உள்ளவர்களும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்குப் போதும். இங்கே மாதம் இரண்டு கடிதம்தான் எழுதலாம். அதிலும் நல அலுவலர் படித்து முத்திரை போட்ட பிறகே தபாலுக்குப் போகும். ஆகவே அவருக்கும் சேர்த்துச் சுவாரசியமாக எழுது, பாவம், நாள் முழுக்க மற்றவர்கள் குடும்பக் கதையைப் படித்துச் சலித்திருக்கிறார்.

சிரிக்காதே என்றாய், சிரித்துவிட்டேன். பூட்டு வாங்கத் திருடனிடமே யோசனை கேட்கிறாயே! முன்பக்கம் நொறுங்கிய வேன் ஒன்று, பின்பக்கம் நொறுங்கிய வேன் ஒன்று. இரண்டிலும் நல்ல பாதியை வெட்டி ஒன்றாக ஒட்டி வர்ணம் அடித்ததற்காக உட்கார்ந்திருப்பவன் நான். அது ஓட்டத்திலேயே இரண்டாகப் பிரிந்தது. ஓட்டி வந்த டீச்சர் போய்ச் சேர்ந்தார். அந்த அம்மாவின் முகம் கோர்ட்டில் காட்டிய போட்டோவில் இருந்ததுபோலவே இன்றும் வருகிறது.

ஜூன் மாதம் விடுதலைக் குழு உட்காருகிறது. நடத்தை நன்றாக இருப்பதால் மீதி வருஷங்களைத் தள்ளுபடி செய்வார்கள் என்று பேச்சு. "அந்த ஒரு வண்டிதானா?" என்று மறுபடி கேட்பார்கள். நீதிபதியிடம் சொன்னதையே சொல்வேன்: அது ஒன்றுதான், முதலும் கடைசியும்.

உன் காருக்கு வருகிறேன். வெயிலில் பார்க்காதே, கழுவி ஈரமாக இருக்கும்போதும் பார்க்காதே, ஈரம் எல்லாக் குறையையும் மூடும். துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துப் போய் உடம்பு முழுக்கத் தடவு. ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பூச்சுதான். கதவுக் கீல் சந்தில் என்ன நிறம் என்று பார். கடைசியாக, சீட்டுக்கு அடியில் தரைவிரிப்பைத் தூக்கிப் பார். கடைக்காரன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வாங்குடா. நம் வீட்டிலும் ஒருவன் தலை நிமிர்ந்து போகட்டும். பாப்பாவுக்குப் பெரியப்பாவின் முத்தம்.

உன்
அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன், கொடுத்தார்களா?

நீங்கள் சொன்னபடி ஒன்று விடாமல் பார்த்தேன். கடைக்காரர், "லிஃப்ட் மெக்கானிக்குன்னா இப்படித்தான் நோண்டுவீங்களா?" என்றார். காந்தம் எல்லா இடத்திலும் கப்பென்று பிடித்தது. கதவுக்குக் கீழே ஒரு கை நீளத்துக்கு மட்டும் பிடிக்கவில்லை. துரு வராமல் இருக்கக் கம்பெனியில் பூசும் பசை என்றார். கீல் சந்தில் நீல நிறம் தெரிந்தது. முதல் சொந்தக்காரருக்கு மஞ்சள்தான் பிடிக்குமாம், மாற்றியிருக்கிறார்.

சீட்டுக்கு அடியில் பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். தரையில் குறுக்கே பசை போட்டிருக்கிறார்கள், பிரஷ்ஷால் அல்ல, கட்டைவிரலால்! விரல் விரலாக, ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில். ஒவ்வொரு பதிவின் நடுவிலும் கோணலாக ஒரு கோடு. அந்த வேலைக்காரனின் கைரேகை போலும். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இந்த மாதிரி வண்டியெல்லாம் கையால் செய்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நேரில் பார்த்தது இப்போதுதான். யாரோ முகம் தெரியாத ஒருவன் என் காலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறான். அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுத்து, வரும் இருபதாம் தேதி வண்டியை எடுக்கிறேன்.

மகிழ்ச்சியில் கை ஓடவில்லை.

தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

அந்த வண்டி வேண்டாம். முன்பணம் போனால் போகட்டும். யானையைக் கட்டித் தீனி போட நம்மால் ஆகாது. உதிரி பாகம் கிடைக்காது. சக்கரம் மாற்றவே சொத்தை விற்க வேண்டும். ஊர்க்கண் பொல்லாதது. இன்னும் நிறையக் காரணம் இருக்கிறது, எழுத இடம் இல்லை.

ஓட்டுநர் பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கி மூட வேண்டியிருக்கிறதா என்று பார். இருந்தால் உடனே விட்டுவிட்டு வா. கடைக்காரன் அதை எங்கே, யாரிடம் வாங்கினான் என்று கேட்டு எழுது.

அண்ணன் சொன்னால் காரணம் கேட்காமல் செய்வாயே, அப்படிச் செய்.

அண்ணன்


மார்ச் 11

அண்ணனுக்கு,

வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் முத்திரை வாங்கி வந்து சேர இருபத்தாறாம் தேதி ஆகிவிட்டது. வண்டி அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டது. பதில் எழுதவே மனம் வரவில்லை. மூன்று வாரமாக ஓட்டுகிறேன். தெருவில் பல் விளக்கிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து நின்று பார்க்கிறார்கள். எதிர் வீட்டு ரிட்டயர்டு கிளார்க், மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர், "ஒரு தடவ உள்ள உக்காந்து பாக்கலாமா தம்பி?" என்று கேட்டார். உட்கார்ந்தவரை எழுப்பி வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது, அவ்வளவு தாழ்வு. பாப்பா அம்மா மடியில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிறாள்.

ஆமாம், கதவைத் தூக்கித்தான் மூட வேண்டும். இந்த வகை வண்டியில் அப்படித்தான் என்று கடைக்காரர் சொன்னார். ஆனால் நான் உங்களுக்கு அதை எழுதவில்லையே. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

"வாங்குடா" என்று எழுதியவர் நீங்கள். பதினைந்து நாளில் என்ன வந்தது? தப்பாக நினைக்காதீர்கள், நான் மட்டும் வெளியே காற்று வாங்கிக்கொண்டு போவது உங்களுக்கு உறுத்துகிறதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதற்கே வெட்கப்பட்டேன். நேரில் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும். ஏப்ரல் இருபதாம் தேதி பார்வையாளர் நாளுக்கு நாங்கள் மூன்று பேரும் அந்த வண்டியிலேயே வருகிறோம். நெடுஞ்சாலை முழுக்கப் புதிதாகப் போட்டிருக்கிறார்களாம். நூற்றைம்பதில் பிடித்தால் இரண்டே மணி நேரம்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

நீ வர வேண்டாம். பஸ்ஸிலும் வர வேண்டாம், ரயிலிலும் வர வேண்டாம். அந்த வண்டியில் வரவே வேண்டாம். வந்தால் பார்வையாளர் அறைக்கு வர மாட்டேன் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவேன். அவ்வளவு தூரம் வந்து வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாய்.

உறுத்துகிறது என்றே வைத்துக்கொள். உன்னைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. போதுமா? வண்டியைத் தெருவைத் தாண்டி எடுக்காதே. நாற்பதுக்கு மேல் போகாதே. பிள்ளையை அதில் ஏற்றாதே. பிள்ளையை ஏற்றாதே என்று இரண்டாம் தடவை எழுதுகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 8

மரியாதைக்குரிய மூத்தவருக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கடைசியாக எழுதியதை அவர் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி நான் படித்தேன். அவர், "வரமாட்டேங்கிறாரா, பாத்துர்றேன். வண்டிச் சத்தம் கேட்டா ஜெயில் மதில் தாண்டி வருவாரு" என்கிறார். அழுதுகொண்டேதான் சொன்னார். பாப்பாவுக்குத் தொப்பி வாங்கியாயிற்று. இருபதாம் தேதி காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

பிள்ளையை ஏற்றாதே என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். பொறாமைக்காரர் அப்படி எழுத மாட்டார். வளைவில் திரும்பும்போது என் காலுக்குக் கீழே தரை முனகுகிறது. மழை பெய்தால் உள்ளே தண்ணீர் தேங்குகிறது. சொன்னால், "ஒனக்கு என்ன தெரியும்" என்கிறார். உங்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. எதுவானாலும் உடைத்துச் சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்து எழுதினால் அவருக்கு ஏறாது. அவர் உங்கள் தம்பி, உங்களைப் போலவேதான்.

இப்படிக்கு
உங்கள் வீட்டு மருமகள்


ஏப்ரல் 14

தம்பிக்கும், எனக்குக் கடிதம் எழுதிய மருமகளுக்கும்,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. நேராகச் சொல்கிறேன்.

அந்த வண்டியைச் செய்தவன் நான்.

தரையில் நீ பார்த்த கட்டைவிரல் என்னுடையது. நடுவில் இருக்கும் கோணல் கோடு, கிரைண்டர் கிழித்த தழும்பு. எத்தனை தடவை அந்தக் கையால் உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டிருக்கிறேன், உனக்குத் தெரியவில்லையே. தெரியாமல் போனதும் நல்லதற்குத்தான் என்று பிப்ரவரியில் நினைத்த பாவி நான்.

பின்பக்கம் தீப்பிடித்த ஒரு நீல வண்டி. மரத்தில் முன்பக்கம் மோதிய ஒரு வெள்ளை வண்டி. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் குறுக்கே வெட்டி இரண்டையும் ஒட்டினேன். வெல்டிங் தெரியாமல் இருக்க மேலே பசை, அதற்கு மேல் விரிப்பு. வெளியே சிவப்பு அடித்துத்தான் அனுப்பினேன், அதனால்தான் நீ மஞ்சள் என்று எழுதியபோது எனக்குத் தோன்றவில்லை. நகரத்துக்குள் மெதுவாகப் போனால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். நூறைத் தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் தாங்காது. தரை முனகுகிறது என்றால் பிளக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அந்த வேன் ஒன்றுதான் என்று கோர்ட்டில் சொன்னது பொய். மொத்தம் ஆறு. நினைவில் இருப்பதையெல்லாம் எழுதி நல அலுவலரிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அவர்தான் முதலில் படித்தார். "இத அனுப்புனா ஜூன் மாசம் என்ன ஆகும்னு தெரியுமா?" என்றார். தெரியும் சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். விரைவுத் தபாலில் அவரே போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு கடிதத்தில் யானை, ஊர்க்கண் என்று கதை விட்டது ஏன் என்றால், ஜூன் மாதத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். ஒரு தட்டில் நீங்கள் மூன்று பேர், மறு தட்டில் என் விடுதலை என்று தராசு பிடித்திருக்கிறேன், தம்பி. இதை நினைத்தால் எனக்கே என்னைத் தொடக் கூசுகிறது.

வண்டியில் ஏறாதே. யாரையும் ஏற்றாதே. உன் வெல்டரை வைத்து, நான் ஒட்டிய இடத்திலேயே வெட்டி இரண்டாகப் போடு. முழு வண்டியாக அது யார் கைக்கும் போகக் கூடாது.

அண்ணன்


மே 21

அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உங்கள் அறையில் இருக்கும் தையல்காரரைப் பார்க்க வரும் அவர் மச்சான் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உங்கள் கடிதம் ஏப்ரல் பதினெட்டாம் தேதி வந்தது. விரிப்பைத் தூக்கி, பசையைச் சுரண்டிப் பார்த்தேன். பிளவுக்குள் என் விசிட்டிங் கார்டு முழுசாக இறங்கியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதில்தான் பாப்பா தினமும் பள்ளிக்கூடம் போனாள். உங்கள் மேல் கோபம் வந்தது, நன்றியும் வந்தது. எது எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வண்டி இப்போது என்னிடம் இல்லை. வெட்டிப் போடு என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். ஆறு வருஷச் சேமிப்பை இரும்புக்கடையில் எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. இருபத்தேழாம் தேதி கொடுத்துவிட்டேன். வெளியூர்க்காரர், எண்ணெய் மண்டி வைத்திருக்கிறார். அவருக்கும் இந்த மாதிரி வண்டி முதல் தடவையாம். நான் பசையைப் புதிதாகப் பூசியிருந்தேன். எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று என்னிடமே கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன், "லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடுறவர் வச்சிருந்த வண்டி, இதுல சோதிக்க என்ன இருக்கு?" என்று அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். நாற்பதுக்கு மேல் போகாதீர்கள், பழைய எஞ்சின் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இரண்டு பையன்கள் அவருக்கு.

போன வாரம் போலீஸ் வந்தது. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, பத்தாம் தேதியே ரொக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன், யார் எவர் என்று தெரியாது என்றேன். விற்ற காகிதத்திலும் வாங்கியவர் பெயர் இல்லாமல் அந்தத் தேதிதான் இருக்கிறது. உங்களைக் கேட்டால் தம்பி அப்படித்தான் சொன்னான் என்று நீங்களும் சொல்லுங்கள். உண்மை தெரிந்தால் என் லிஃப்ட் லைசென்ஸ் போகும், நானும் உள்ளே வருவேன். நீங்கள் ஆறு வண்டியை அனுப்பினீர்கள், நான் ஒன்றைத்தான் அனுப்பினேன். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. சொந்தத் தம்பிக்காக இது ஒன்று செய்ய மாட்டீர்களா?

வீட்டுக்காரி என்னோடு பேசுவதில்லை.

தம்பி


மே 25

என் தம்பிக்கு,

இதை உன் கையில் கொடுத்தவர் வாசலில்தான் நிற்பார். அவரை உட்காரச் சொல். தபாலில் போட்டால் நாளாகும் என்று, அவரோடு கொடுத்தனுப்ப நல அலுவலரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கிழிக்கத்தான் எடுத்தேன். தையல்காரர், "கிழிச்சுருங்க அண்ணே, கூடப் பொறந்தவன்" என்றார். இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அந்த இரண்டு நாளும் எண்ணெய் மண்டிக்காரர் வண்டி ஓட்டிக்கொண்டுதானே இருந்திருப்பார்? பையன்களை எங்கெங்கே கூட்டிப் போனாரோ. மூன்றாம் நாள் காலை கடிதத்தைக் கொண்டுபோய் அலுவலர் மேஜையில் வைத்துவிட்டேன்.

சுற்றுவட்ட ஊர்களில் எண்ணெய் மண்டி நாற்பதுக்கு மேல் இருக்கிறதாம். எந்த மண்டி என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான். கடிதத்தைப் படித்தேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். நீ என்னை மன்னிக்க வேண்டாம். நான் ஆறு அனுப்பினேன், நீ ஒன்றுதான் அனுப்பினாய் என்று எழுதியிருந்தாய். நானும் முதலில் ஒன்றுதான் அனுப்பினேன், தம்பி.

வக்கீல் வரட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று நிற்காதே. முகவரியைச் சொல். போன் நம்பர் இருந்தால் அதையும் கொடு. வாசலில் நிற்கும் போலீஸ்காரர்கள் உன் எதிரிலேயே அவரைக் கூப்பிடுவார்கள். அந்த மனுஷன் எடுத்துப் பேசுகிற குரல் உன் காதிலும் விழட்டும், உனக்கு அது வேண்டியிருக்கும்.

என்னைக் கூட்டிப்போன அன்று நீ என் முதுகுக்குப் பின்னால் நின்றாய். நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பாப்பா உன் பின்னால் நின்றால் முதலில் உள்ளே அனுப்பிவிடு. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போ. நான் வெறுங்காலோடு போனேன், தார் ரோடு சுட்டது.

உன்
அண்ணன்